அக்கரையில் குறைமாத வலி கண்டால்?



ஜொகூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் சிங்கப்பூர் போகாத குடும்பம் அநேகமாக இல்லை. அண்ணனோ தம்பியோ அங்கே வேலை செய்கிறான். தீபாவளி நெருங்கினால் சிராங்கூன் சாலை விளக்கு அலங்காரம் பார்க்கப் போகிறோம். வீரமாகாளியம்மன் கோவிலில் ஓர் அர்ச்சனை, தேக்காவில் சாப்பாடு, இரவு பஸ் பிடித்துத் திரும்பி விடுகிறோம். கூட்டத்தோடு கூட்டமாகப் பிள்ளைத்தாய்ச்சியும் போகிறாள்.

போகக்கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. போன இடத்தில் மாதம் நிறையாமல் வலி கண்டால் என்ன செய்வது? இந்த மாதப் பாடம் அதுதான்.

நடந்த ஒரு சம்பவம்

பெயரும் தோட்டமும் வேண்டாம். 31 வாரக் கர்ப்பிணி. தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு தேக்காவில் இருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு இறுகி இறுகித் தளர்ந்தது. இடுப்பிலும் வலி. மாமியார், "ஏழு மாசந்தானே ஆவுது, இது சூட்டு வலி. சீரகத் தண்ணி குடிச்சா நின்னுடும்" என்றார். கணவனுக்கோ வேறு பயம். "இங்க ஆஸ்பத்திரிக்குப் போனா பில்லு யாரு கட்டுறது? ஊருக்கே போயிடுவோம்" என்று குயின் ஸ்திரீட்டுக்குக் கூட்டிப் போய் பஸ் ஏற்றினான்.

அன்றைக்குப் பாலத்தில் கடும் நெரிசல். நடுவழியில் பனிக்குடம் உடைந்தது. ஜொகூர் பாருவில் ஆஸ்பத்திரி போய்ச் சேர மூன்றரை மணி நேரம். சேர்ந்த அரை மணிக்குள் பிள்ளை பிறந்துவிட்டது. நுரையீரல் பழுக்கவில்லை. டாக்டர்கள் பாடுபட்டார்கள். நான்கு நாள்தான் இருந்தது.

பிறகு அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்: "தேக்காவுல நான் நின்ன எடத்துலேருந்தே அந்தப் பெரிய ஆஸ்பத்திரி தெரிஞ்சுச்சு, டிரஸர் ஐயா."

அங்கே போயிருந்தால் பிள்ளை கட்டாயம் பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்றரை மணி நேரம் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய நேரம். அது வீணாகப் போய்விட்டது. இதில் என் பங்கும் உண்டு. இரண்டு நாளைக்கு முன்புதான் அவளுக்கு பிரஷர் பார்த்து, "நல்லா இருக்கு, போய் வா" என்று அனுப்பினேன். போன இடத்தில் வலி வந்தால் எங்கே போக வேண்டும் என்று சொல்லி அனுப்பவில்லை. அன்று சொல்லாததை இன்று எல்லோருக்கும் சொல்கிறேன்.

தேக்காவின் எதிரே உள்ள ஆஸ்பத்திரி

அவள் பார்த்தது கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி. மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று அர்த்தம். ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தில் மாட்டுத் தொழுவங்கள் இருந்ததால் வந்த பெயர். 1924-ல் அது பிரசவ ஆஸ்பத்திரி ஆனது. ஜொகூர் பாலம் திறக்கப்பட்டதும் அதே 1924-ல்தான். 1966-ஆம் ஆண்டு மட்டும் அங்கே 40,000-க்குச் சற்றுக் குறைவான பிள்ளைகள் பிறந்தன. உலகத்திலேயே ஒரே ஆஸ்பத்திரியில் அதிகப் பிரசவம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கணக்கு அது. 1997-ல் புக்கிட் தீமா சாலையில் புதிய கட்டடத்துக்கு மாறி, இன்று கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை என்று நடக்கிறது. தேக்கா சந்தையிலிருந்து நடந்தே போகலாம். பிரசவ அவசரத்துக்கு இரவு பகல் எந்நேரமும் பார்க்கிறார்கள். குறைமாதப் பிள்ளைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் அங்கேயே உண்டு.

குறைமாதம் என்றால் என்ன?

37 வாரம் முடியுமுன் பிறக்கும் பிள்ளை குறைமாதப் பிள்ளை. 32 வாரத்துக்குள் என்றால் ஆபத்து அதிகம். 28 வாரத்துக்குள் என்றால் மிக மிக அதிகம். இது அபூர்வமான காரியம் அல்ல. உலகத்தில் பத்துப் பிள்ளைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் மட்டும் 1 கோடியே 34 லட்சம் பிள்ளைகள்.

நம் பெரியவர்கள், "ஏழாம் மாசப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது" என்பார்கள். இது தவறு. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம். எட்டாம் மாதப் பிள்ளைக்கு ஏழாம் மாதப் பிள்ளையைவிட நுரையீரலும் நன்றாக வளர்ந்திருக்கும், உடம்பில் சூடும் தங்கும். "ஏழு மாசந்தானே, பொழைச்சுக்கும்" என்று சும்மா இருப்பதும் தப்பு. "எட்டு மாசம், இனி ஒண்ணும் ஆகாது" என்று கைவிடுவதும் தப்பு.

பயணத்தால் மட்டும் குறைமாத வலி வந்துவிடாது. இரட்டைப் பிள்ளை, முன்பு ஒரு தடவை குறைமாதப் பிரசவம், ரத்த அழுத்தம், சிறுநீர்ப் பாதையில் கிருமி, இப்படிப் பல காரணங்கள். பல பேருக்குக் காரணமே தெரிவதில்லை. ஆனாலும் பயணத்தில் நாம் செய்யும் ஒரு தவறு உண்டு. கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல், மணிக்கணக்கில் ஒண்ணுக்கை அடக்கி வைக்கிறோம். அது கிருமிக்கு வழி செய்யும். தண்ணீரும் குடியுங்கள், அடக்கவும் வேண்டாம்.

எந்த அடையாளங்களைக் கண்டால் ஓட வேண்டும்?

1. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, அல்லது அதைவிட அடிக்கடி, வயிறு இறுகித் தளர்வது. வலி இல்லாவிட்டாலும் சரி.

2. விடாத இடுப்பு வலி, பிள்ளை கீழே அழுத்துவது போன்ற உணர்ச்சி.

3. நீர் கசிவது அல்லது குபுக்கென்று உடைவது. ஒரு சொட்டு ரத்தம் கண்டாலும் இதே கணக்குத்தான்.

4. கடுமையான தலைவலி, கண் மங்குவது, மேல் வயிற்றில் வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது. இவை ரத்த அழுத்தத்தின் அடையாளங்கள்.

5. பிள்ளையின் அசைவு குறைவது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். சூட்டு வலியா, உண்மை வலியா என்று தீர்ப்புச் சொல்வது மாமியார் வேலையும் அல்ல, டிரஸர் வேலையும் அல்ல. சோதித்துப் பார்த்து ஆஸ்பத்திரிதான் சொல்ல வேண்டும். சூட்டு வலி என்று திருப்பி அனுப்பினால் சந்தோஷமாகத் திரும்பி வாருங்கள். அதில் வெட்கம் இல்லை.

ஏன் பக்கத்து ஆஸ்பத்திரி?

காரணம் இதுதான். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தாய்க்குப் போடும் ஓர் ஊசி உண்டு. ஸ்டீராய்டு வகை மருந்து. தாயின் ரத்தம் வழியாகப் போய்ப் பிள்ளையின் நுரையீரலைச் சீக்கிரம் பக்குவப்படுத்தும். நியூசிலாந்து நாட்டில் லிக்கின்ஸ், ஹௌவி என்ற இரு டாக்டர்கள் 1972-ல் இதை வெளியிட்டார்கள். பொதுவாக 24 வாரத்திலிருந்து 34 வாரம் வரை போடுவார்கள். முழுப் பலன் கிடைக்கச் சுமார் ஒரு நாள் வேண்டும். ஆகவேதான் வலியை ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போட வேறு மருந்தும் கொடுப்பார்கள். 32 வாரத்துக்குள் என்றால் பிள்ளையின் மூளையைக் காக்க மக்னீசியம் மருந்து ஏற்றுவதும் உண்டு.

இவை எல்லாம் பிறக்குமுன் செய்ய வேண்டியவை. பாலத்தில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தால் எதுவும் நடக்காது. உலகத்தில் உள்ள இங்குபேட்டர்களில் சிறந்தது தாயின் வயிறு. பிள்ளையை இடம் மாற்றுவதென்றால் வயிற்றோடு மாற்றுவதே நல்லது. அதற்கும் டாக்டர் பார்த்து, வலி அடங்கியது என்று சொன்ன பிறகுதான்.

ஆகவே, நின்ற இடத்திலிருந்து 995-க்கு அழையுங்கள். அது சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண். நம் ஊரில் 999, அங்கே 995. மனப்பாடம் செய்யுங்கள். எத்தனை வாரம், என்ன அடையாளம், எந்த இடம், இந்த மூன்றும் சொன்னால் போதும். இங்கிலீஷ் வராவிட்டால் பயம் வேண்டாம். "ஆயர் கெதுபான் பெச்சா" என்று மலாயில் சொல்லுங்கள், பனிக்குடம் உடைந்தது என்று அர்த்தம். பஸ்ஸில் இருந்தால் டிரைவரிடமும், சோதனைச் சாவடியில் இருந்தால் அதிகாரியிடமும் கூச்சப்படாமல் சத்தமாகச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை இடது பக்கமாகச் சாய்ந்து படுக்க வேண்டும். நீர் உடைந்திருந்தால் சுத்தமான துணி வைத்து, நேரத்தையும் நீரின் நிறத்தையும் கவனியுங்கள். விளக்கெண்ணெய், கஷாயம் எதுவும் கொடுக்க வேண்டாம்.

212 கிராம் பிள்ளை

நம்பிக்கைக்கு ஓர் உண்மைச் செய்தி. சிங்கப்பூரில் வேலை செய்த ஒரு மலேசியத் தம்பதி, பிரசவத்தை மலேசியாவில் வைத்துக்கொள்ள நினைத்திருந்தார்கள். 2020 ஜூன் மாதம், கெடுவுக்கு ஏறக்குறைய நான்கு மாதம் முன்பே, தாய்க்குக் கர்ப்பகால ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் அவசர ஆபரேஷன் செய்தார்கள். 25 வாரம் நிறைய ஒரு நாள் குறைவு. பெண் குழந்தை, எடை 212 கிராம். ஓர் ஆப்பிள் பழத்தின் எடை! 13 மாதம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். 2021 ஜூலையில் 6.3 கிலோ எடையோடு வீட்டுக்குப் போனாள். மூச்சுக்கு உதவும் கருவியும் கூடவே போனது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் இப்படி நடக்கும் என்பதல்ல. சரியான நேரத்தில் சரியான இடத்தில் இருந்தால் எது முடியும் என்பதற்கு இது சாட்சி.

பில்லுக்கு என்ன வழி?

கணவன் பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. சிங்கப்பூர்க்காரருக்குக் கிடைக்கும் அரசாங்கச் சலுகை நமக்குக் கிடையாது. இங்குபேட்டரில் ஒவ்வொரு நாளும் செலவுதான். முன்பணம் கேட்பார்கள். ஆனால் உயிர் போகும் அவசரத்தில் முதலில் பார்ப்பது நோயாளியைத்தான்.

சேர்ந்த மறுநாளே மருத்துவ சமூக சேவகரைப் பார்க்க வேண்டும் என்று வார்டில் கேளுங்கள். தவணை, உதவி நிதி, ஜொகூர் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது, எல்லாவற்றுக்கும் அவர்தான் வழி காட்டுவார். மேலே சொன்ன குடும்பத்துக்குப் பொதுமக்கள் கொடுத்த நன்கொடை 3 லட்சத்து 60 ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கும் மேல். எல்லோருக்கும் அப்படி வரும் என்று நம்பி இருக்க முடியாது. அதனால் பயண இன்சூரன்ஸ் எடுக்கும்போதே, கர்ப்பமும் குறைமாதப் பிள்ளையும் அதில் அடங்குமா, எத்தனை வாரம் வரை என்று கேளுங்கள். பல பாலிசிகளில் அடங்காது. கடனை மெல்ல மெல்லக் கட்டலாம். போன பிள்ளை திரும்பாது.

காகிதங்கள்

சிங்கப்பூரில் பிறந்ததால் மட்டும் அந்த நாட்டுப் பிரஜை ஆகிவிடாது. பிறப்பை அங்கே 42 நாளுக்குள் பதிய வேண்டும். பிறகு தாமதம் செய்யாமல் மலேசியத் தூதரகத்தில் பதிய வேண்டும். ஓர் ஆண்டு தாண்ட விடாதீர்கள். பிள்ளை பாலம் கடக்க அதற்கும் பயணப் பத்திரம் வேண்டும். இதற்கெல்லாம் கல்யாணப் பதிவுச் சான்றிதழ் கேட்பார்கள். கோவிலில் தாலி கட்டியதோடு பதிவுக்குப் போகாமல் விட்டவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளையின் பிரஜா உரிமையே அதனால் சிக்கலாகும். இன்றே பதியுங்கள்.

வழியிலேயே பிறந்துவிட்டால்

பிள்ளையைச் சுத்தமான துணியால் துடைத்து ஈரம் போக்குங்கள். குளிப்பாட்ட வேண்டாம். உடனே தாயின் வெறும் மார்போடு மார்பாகப் படுக்க வைத்து, தலையையும் மூடி, மேலே துணி போர்த்துங்கள். மூக்கும் வாயும் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொடியை இழுக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். சீனித் தண்ணீர் கொடுக்க வேண்டாம். குறைமாதப் பிள்ளைக்குக் குளிரே முதல் எதிரி. 1970-களின் இறுதியில் கொலம்பியா நாட்டில் இங்குபேட்டர் பற்றாத ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் தொடங்கிய கங்காரு முறை இதுதான். பிறந்த உடனேயே இதைத் தொடங்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-ல் சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரியிலும் நர்ஸிடம் கேட்டுச் செய்யுங்கள். அப்பாவும் செய்யலாம்.

புறப்படுமுன்

பயணத்துக்கு ஒரு வாரம் முன் கிளினிக்கில் பிரஷரும் சிறுநீரும் பார்த்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் கொடுத்த தாய்மார் புத்தகம் கைப்பையிலேயே இருக்கட்டும். அதில் சிவப்பு, மஞ்சள் அடையாளம் ஒட்டியிருந்தால் நர்ஸைக் கேட்காமல் புறப்பட வேண்டாம். விமானப் பயணம் என்றால் 28 வாரத்துக்குப் பிறகு டாக்டர் கடிதம் கேட்பார்கள், 36 வாரத்துக்குப் பிறகு பொதுவாக ஏற்ற மாட்டார்கள். தங்கும் வீட்டுக்குப் பக்கத்தில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரி என்று அண்ணனிடம் முன்கூட்டியே கேட்டு, புத்தகத்தின் பின்பக்கம் எழுதி வையுங்கள். கூடவே 995.

இப்போதெல்லாம் பிரஷர் பார்க்க வரும் கர்ப்பிணிகளிடம் நான் கேட்கும் கடைசிக் கேள்வி, "அக்கரையில வலி வந்தா எங்க போவே?" என்பது. "வீட்டுக்கு" என்று சொன்னால் மறுபடியும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். இதைப் படித்த நீங்களும் உங்கள் லயத்தில் பிள்ளைத்தாய்ச்சி யாராவது இருந்தால் அதே கேள்வியைக் கேளுங்கள்.

தாயும் சேயும் நலமாக வாழட்டும்.