காண்டலும் கூறலும்

உயிரியல் பயிலும் மாணவர்க்கு இரு திறன்கள் இன்றியமையாதன. ஒன்று, கண்டறிதல், மற்றொன்று, கண்டதைப் பிறர்க்கு விளங்கக் கூறல். இரண்டிற்கும் சான்றாகத் திகழ்பவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896-1987). 1990-இல் தொடங்கப்பெற்று, நம் கோவையை அடுத்த ஆனைகட்டியில் அமைந்துள்ள பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

1930-இல் வேலையிழந்திருந்த அவர், மும்பைக்கு அருகேயுள்ள கிகிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் நோக்கிக் குறிப்பெடுத்தார். ஆண்குருவி கூட்டைப் பாதி முடைந்து நிறுத்தும். பெண்குருவி பார்த்து ஏற்ற பின்னரே அதனை முடிக்கும். பிறகு வேறொரு கூட்டைத் தொடங்கும். இவ்வுண்மையை அவருக்குக் காட்டியது பொறுமையே. 1941-இல் வெளிவந்த அவரது இந்தியப் பறவைகள் பற்றிய நூலோ, பொதுமக்களையும் பறவை நோக்கச் செய்தது.

நம் அளவை நூலார் காண்டலையும் கருதலையும் வேறாகப் பிரித்தனர். மாணவரும் கண்டதையும் கருதியதையும் தனித்தனியே எழுதுதல் வேண்டும். 'குருவிகள் பல இருந்தன' என்பது ஆய்வுக் குறிப்பாகாது. நாள், நேரம், இடம், எண்ணிக்கை ஆகியன தேவை.

கணபதியில் வாழும் மாணவர் இதனைத் தம் தெரு மரத்தடியிலேயே தொடங்கலாம். எழுதியதை அறிவியல் பயிலாத தாயாரிடம் படித்துக் காட்டுங்கள். அவருக்கு விளங்காத இடமே நீங்கள் திருத்தி எழுத வேண்டிய இடமாகும்.