ரிவிஷன் சி எந்தக் கணினியில் இருக்கிறது?

பாகலூர் நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. கோப்புகளைச் சேமித்து வைப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்டு டிராப்பாக்ஸ் எப்படி இவ்வளவு பெரிதானது என்பது ஒன்று. அப்படி ஒரு நிறுவனம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து எழ முடியுமா என்பது மற்றொன்று. இடையில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: வாடிக்கையாளர் டிராயிங்கை மாற்றி அனுப்பியிருந்தார், உங்கள் பட்டறையின் சிஎன்சியில் பழைய ரிவிஷனே ஓடிக்கொண்டிருந்தது, ஒரு லாட் முழுக்க ஸ்கிராப்புக்குப் போனது. எனக்கு அந்த வரிதான் பெரிதாகப் பட்டது. உங்கள் முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

டிராப்பாக்ஸைத் தொடங்கிய ட்ரூ ஹவுஸ்டன், பாஸ்டனை ஒட்டியுள்ள எம்ஐடியில் படித்தவர். ஒருமுறை நியூயார்க்குக்குப் பேருந்தில் போகையில், பென் டிரைவை மறந்துவிட்டு வந்தது தெரிந்ததாம். வேலை செய்ய வழியில்லாமல் உட்கார்ந்திருந்தவர், இந்தச் சிக்கலைத் தீர்க்கும் நிரலின் முதல் வரிகளை அந்தப் பயணத்திலேயே எழுதத் தொடங்கியதாகச் சொல்லியிருக்கிறார். 2007-ல் அராஷ் ஃபெர்தோசி என்ற எம்ஐடி மாணவர் படிப்பை நிறுத்திவிட்டு அவரோடு சேர்ந்தார். சட்டைப் பையில் பென் டிரைவோடு பாகலூருக்கும் சிப்காட்டுக்கும் அலைகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இணையத்தில் கோப்பு வைக்கும் சேவைகள் அப்போதே பல இருந்தன. இவர்கள் கவனம் வேறிடத்தில் இருந்தது. இரண்டு கணினிகளில் இருக்கும் ஒரே கோப்பு எந்நேரமும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும். அதற்காக மனிதர் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லாமல் இருக்க வேண்டும். மளிகைக் கடையில் பற்று வைத்து வாங்கியவர்களுக்குத் தெரியும், கடைக்காரர் நோட்டும் நம் வீட்டுச் சிட்டையும் ஒரே சமயத்தில் எழுதப்பட்டால் வம்பில்லை. ஒன்றில் ஏறி மற்றதில் விட்டுப்போனால் மாதக் கடைசியில் தகராறுதான்.

கேட்க எளிது, செய்வது கடினம். டிராப்பாக்ஸ் ஒவ்வொரு கோப்பையும் 4 எம்பி துண்டுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு துண்டின் உள்ளடக்கத்திலிருந்தும் ஓர் அடையாள எண் கணக்கிடப்படுகிறது. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். எண் மாறிய துண்டுகள் மட்டுமே இணையத்தில் ஏறும். ஒரே கட்டடத்தில் இரண்டு கணினிகள் இருந்தால், அவை உள் நெட்வொர்க் வழியாகத் தங்களுக்குள்ளேயே பரிமாறிக்கொள்ளும். இன்டர்நெட் மெதுவாக இருக்கும் நாளில் இது எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்குத் தெரியும். ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பாதியில் லேப்டாப்பை மூடினால், இருவர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பைத் திருத்தினால் என்று ஒவ்வொன்றுக்கும் அவர்கள் விடை கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இருவர் திருத்தினால் ஒருவர் வேலையை அழித்துவிடாமல் டிராப்பாக்ஸ் இரண்டையும் தனித்தனிப் பிரதிகளாக வைக்கிறது. இந்தச் சின்னச் சின்ன அக்கறைகளால்தான் மக்கள் அதை நம்பினார்கள் என்பது என் எண்ணம்.

விளம்பரத்தால் அந்த நம்பிக்கையை வாங்க முடியவில்லை. 2008 செப்டம்பரில் சேவை எல்லோருக்கும் திறக்கப்பட்டபின், கூகுள் தேடலில் விளம்பரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்டுக்கு 99 டாலர் கட்டும் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 233 முதல் 388 டாலர் வரை செலவானது. அதற்கு முன்பே, மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் சில நிமிட வீடியோ ஒன்றை வெளியிட்டிருந்தார்கள். காத்திருப்போர் பட்டியல் ஒரே நாளில் 5,000-லிருந்து 75,000 ஆனது. ஆகவே பணத்தை விளம்பரத்திலிருந்து எடுத்து, அதற்குப் பதில் இடத்தைக் கொடுத்தார்கள். முதலில் 2 ஜிபி இலவசம். நீங்கள் ஒருவரை அழைத்து வந்தால் உங்களுக்கும் கூடுதல் இடம், வந்தவருக்கும் கூடுதல் இடம். 2008 செப்டம்பரில் 1 லட்சமாக இருந்த பயனர்கள் 2010 ஜனவரியில் 40 லட்சம் ஆனார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர் இலவச இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பகிர்வுக் கோப்புறை அதைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது. ஒருவர் தன் கோப்புறையை நான்கு பேரோடு பகிர்ந்தால், அந்த நால்வரும் உறுப்பினராகியே தீர வேண்டும். வேலையே ஆளை இழுத்து வருகிறது. ஓசூரில் ஒரு பெரிய தொழிற்சாலையைச் சுற்றி உதிரிபாகம் செய்பவர்கள், அவர்களைச் சுற்றி ஜாப் ஒர்க் பட்டறைகள், ஹீட் டிரீட்மென்ட், பிளேட்டிங் என்று வளையம் வளையமாக இருப்பதை நினைத்துப் பாருங்கள். மேலே இருப்பவர் எந்தக் கோப்புறையில் டிராயிங் வைக்கிறாரோ, கீழே உள்ள அத்தனை பேரும் அதற்குள் வந்தாக வேண்டும்.

இரண்டு இளைஞர்கள் இவ்வளவு தரவை எங்கே வைத்தார்கள்? அமேசானிடம் வாடகைக்கு. 2006-ல் அமேசான் தொடங்கிய எஸ்3 சேவை இல்லாவிட்டால் டிராப்பாக்ஸ் பிறந்திருக்கவே முடியாது. வளர்ந்த பிறகு வாடகை கனத்தது. சொந்தமாக ஒரு சேமிப்பு அமைப்பைக் கட்டி, அதற்கு மேஜிக் பாக்கெட் என்று பெயரிட்டு, 2015 அக்டோபருக்குள் பயனர் தரவில் 90 சதவீதத்துக்கு மேல் அங்கே மாற்றினார்கள். 2016, 2017 இரண்டு ஆண்டுகளில் இதனால் மிச்சமானது 7 கோடியே 46 லட்சம் டாலர். அடுத்த ஆண்டே, 2018 மார்ச்சில், ஒரு பங்கு 21 டாலர் என்று நாஸ்டாக்கில் இறங்கினார்கள். அப்போது பதிவு செய்தவர்கள் 50 கோடி. பணம் கட்டியவர்கள் 1.1 கோடி.

அந்த இரண்டு எண்களுக்கு நடுவிலுள்ள தூரத்தைப் பாருங்கள். 2009 இறுதியில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் இவர்களை வாங்க முன்வந்து, இது ஒரு வசதிதான், தனிப் பொருள் ஆகாது என்ற பொருளில் சொன்னாராம். ஹவுஸ்டன் விற்கவில்லை. 2011-ல் ஆப்பிளின் ஐகிளவுட் வந்தது. 2012 ஏப்ரலில் கூகுள் டிரைவ் 5 ஜிபி இலவசத்தோடு வந்தது. மைக்ரோசாப்ட் தன் ஆபீஸ் சந்தாவோடு சேமிப்பிடத்தையும் சேர்த்தே கொடுத்தது. டிராப்பாக்ஸ் மின்னஞ்சல் செயலி ஒன்றை வாங்கியது, படங்களுக்காக ஒரு செயலி கட்டியது. இரண்டையும் 2016-ல் மூடியது. பணம் கட்டுவோர் எண்ணிக்கை 2023 முடிவில் சுமார் 1.8 கோடி, 2024 முடிவிலும் ஏறக்குறைய அதுவே. இரண்டு ஆண்டுகளிலும் ஆட்குறைப்பு நடந்தது. நல்ல லாபமுள்ள நிறுவனம்தான், ஆனால் அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. ஜாப்ஸ் பாதி சரி என்றே நான் நினைக்கிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தமிழ்நாட்டின் விடை ஜோஹோ. 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, 2009-ல் பெயர் மாறி, 2011-ல் தென்காசி மத்தளம்பாறைக்கும் போன மென்பொருள் நிறுவனம். வெளியார் முதலீடு வாங்காமலே வளர்ந்து, 2023-ல் 10 கோடிப் பயனர்களைத் தாண்டியதாக அறிவித்தது. அவர்களிடமும் கோப்புச் சேமிப்பு உண்டு. 2019-ல் வந்த ஒர்க்டிரைவ். ஆனால் அதைத் தனியாக விற்பதோடு நிற்கவில்லை. மின்னஞ்சல், கணக்கு, வாடிக்கையாளர் விவரம் என்று ஒரு நிறுவனத்துக்கு வேண்டிய மற்றவற்றோடு சேர்த்தும் தருகிறார்கள். வெறும் சேமிப்பின் விலை தரைக்கு வந்துவிட்ட காலத்தில் இதுதான் நிலைக்கும் வழி.

ஓசூரிலிருந்து இன்னொரு டிராப்பாக்ஸ் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் லாட்டை ஸ்கிராப் ஆக்கிய அந்தத் தவற்றைத் தடுக்கும் ஒன்று வரலாம். ரிவிஷன் சி வந்த நொடியில் பி இயந்திரத்தருகே திறக்கவே கூடாது. மாற்றத்தைப் பார்த்தேன் என்று ஆபரேட்டர் உறுதி சொன்ன பிறகே வேலை தொடங்க வேண்டும். பெரிய தொழிற்சாலைகளில் இதற்கென்றே மென்பொருள் இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்குக் கட்டுப்படியாகிற விலையில், தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று உங்கள் ஷெட்டில் உண்மையாகப் பேசப்படும் மொழிகளில் அதைச் செய்ய, அந்த ஷெட்டில் நின்று பார்த்தவரால்தான் முடியும். நீங்கள் அங்கே நிற்கிறீர்கள்.

அதுவரை பட்டறையைக் காப்பாற்ற வேண்டுமே. எல்லாக் கணினியிலும் கோப்பை ஒன்றுபோல வைக்கும் ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு. ஒரு கணினியில் கோப்பை அழித்தால் மற்றதிலும் அழியும். வைரஸ் ஒரு கோப்பைப் பூட்டினால் பூட்டிய கோப்புதான் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். பழைய பிரதிகளை மீட்க டிராப்பாக்ஸின் அடிப்படைக் கணக்கில் 30 நாள்தான் அவகாசம். புனேயில் 2008-ல் தொடங்கிய துருவா, நிறுவனங்களுக்குக் காப்புப் பிரதி எடுத்துத் தருவதைத் தனித் தொழிலாக வளர்த்திருப்பது இந்த இடைவெளியால்தான். பாதுகாப்பையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். 2011 ஜூனில் சுமார் நான்கு மணி நேரம் எந்தக் கடவுச்சொல்லைத் தட்டினாலும் டிராப்பாக்ஸ் கணக்குகள் திறந்தன. 2012-ல் திருடுபோன 6.8 கோடிக்கும் மேலான கணக்குகளின் விவரம் 2016-ல் வெளியே வந்தது.

எந்தச் சேவையை எடுத்தாலும் பட்டறையின் பெயரிலேயே கணக்குத் தொடங்குங்கள். டிராயிங்குகள் ஒரு பையனின் சொந்த ஜிமெயிலில் இருந்தால், அவன் நாளை அத்திப்பள்ளிக்கோ பொம்மசந்திராவுக்கோ வேலை மாறும்போது அவையும் அவனோடு போய்விடும். இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, கழற்றி, வீட்டில் வையுங்கள். எடுத்ததோடு விட்டுவிடாமல், மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு டிராயிங்கைத் திறந்து பாருங்கள்.

பழைய ரிவிஷன் ஓடாமல் தடுக்கும் அந்த மென்பொருளைப் பற்றி யோசித்தால் எனக்கு எழுதுங்கள்.