முன்சக்கர இயக்கச் சிறிய காரில் எல்.எஸ்.டி.: தேர்வு, பொருத்தல், பழக்கம்

வளைவில் திரும்பும் காரின் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் ஓடுகிறது. அந்த வேக வேறுபாட்டுக்கு இடம் கொடுப்பது டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஏறக்குறைய ஒரே முறுக்குவிசையைத் தரும். பிடிப்பு குறைந்த சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மற்றதற்கும். வளைவில் எடை வெளிப்பக்கம் சாய்ந்து உள்சக்கரம் லேசாகிவிடுவதால், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அது வீணாகச் சுழலும். காரின் மூக்கு வெளியே தள்ளும். இதுவே அண்டர்ஸ்டீயர்.

எல்.எஸ்.டி. எனப்படும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், வேகமாகச் சுற்றும் சக்கரத்தின் விசையில் ஒரு பங்கை மெதுவாகச் சுற்றும் சக்கரத்துக்கு மாற்றுகிறது. உள்சக்கரம் வழுக்கி முந்தும்போது விசை வெளிச்சக்கரத்துக்குப் போய், மூக்கை வளைவுக்குள் இழுக்கும். வழுக்கலே இல்லாதபோது மெதுவானது உள்சக்கரம். விசை அங்கே போவதால் கார் நேராகப் போகவே பார்க்கும். அண்டர்ஸ்டீயரைக் குறைக்கப் பொருத்திய சாதனமே மிதமான ஓட்டத்தில் அதைக் கூட்டுவது இதனால்தான். விலை கொடுக்குமுன் புரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இது.

அடுத்தது, எல்.எஸ்.டி. தேவைதானா என்று அறியும் சோதனை. மூடிய தடத்தில், இரண்டாம் கியரில், குறுகிய வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும். எஞ்சின் சுழற்சி ஏறியும் வேகம் ஏறாமல் உள் டயர் கிறீச்சிட்டால் எல்.எஸ்.டி. உதவும். வளைவுக்குள் நுழையும்போதே மூக்கு விலகினால் கோளாறு டயரிலோ வீல் அலைன்மென்டிலோ இருக்கலாம். அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

தெருவில் ஓடும் காருக்கு ஹெலிக்கல் வகையே ஏற்றது. 1995-இல் வந்த ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர், 2002-இன் ஃபோர்டு ஃபோகஸ் ஆர்.எஸ். இரண்டிலும் இருந்தது இதுதான். பற்களின் உராய்வால் இயங்குவதால் மென்மையானது, தேய்மானம் குறைவு. ஆனால் ஒரு சக்கரம் தரையைவிட்டு முழுதாக எழும்பினால் ஏறக்குறைய சாதாரண டிஃபரன்ஷியலாகிவிடும். ராலிக்கும் பந்தயத்துக்கும், உராய்வுப் பிளேட்டுகள் இறுகி இயங்கும் பிளேட் வகை. முன்சக்கர இயக்கத்துக்குப் பெரும்பாலும் மிதிக்கும்போது மட்டும் இறுகும் ஒன்-வே, அல்லது காலை எடுக்கும்போதும் ஓரளவு இறுகும் ஒன்-பாயின்ட்-ஃபைவ்-வே.

பொருத்த கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும். கிரவுன் வீல் போல்ட், பேரிங், ஆயில் சீல் எல்லாம் புதிதாக இருப்பதே நல்லது. பேரிங் இறுக்கத்தை ஷிம் வைத்து கியர்பாக்ஸ் கையேட்டின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இங்கே அவசரப்பட்டால் கியர்பாக்ஸ் முழுவதும் போய்விடும். பிளேட் வகைக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயிலை ஊற்றி, காலி மைதானத்தில் எட்டு வடிவில் மெதுவாக ஓட்டி பிளேட்டுகளைப் பழக்க வேண்டும்.

ஓட்டும் பழக்கமும் மாற வேண்டும். பிரேக்கை நேர்கோட்டிலேயே முடித்து, திருப்பத்தின் நடுவை எட்டியதும் ஆக்சிலரேட்டரைச் சீராக அழுத்த வேண்டும். அரைகுறை அழுத்தத்தில் கார் விலகும். தயங்காமல் அழுத்தினால் உள்ளே வரும். மேடுபள்ளச் சாலையில் ஸ்டீயரிங் இடவலமாக இழுக்கும், ஆகவே இரு கைகளாலும் பிடிப்பது அவசியம். மழையில் இரு முன்சக்கரங்களும் ஒன்றாக வழுக்கக்கூடும். அப்போது திருப்பவே முடியாது, காலைத் தளர்த்துவதுதான் வழி.

பிளேட் தேய்மானத்தை அறிய, ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹப்பை டார்க் ரெஞ்சால் திருப்ப வேண்டும். அது நகரத் தொடங்கும் அளவு, பொருத்தியபோது குறித்துவைத்ததைவிட நன்றாகக் குறைந்திருந்தால் பிளேட்டை மாற்ற வேண்டும்.