பந்தயம் ஓய்ந்த குதிரைகளுக்கு மறு தொழில்

கிண்டியில் 1777-ம் ஆண்டில் தொடங்கிய குதிரைப் பந்தயம் யாவரும் அறிந்ததே. பந்தயக் குதிரை இரண்டு வயதில் ஓடத் தொடங்கிப் பெரும்பாலும் எட்டு வயதிற்குள் ஓய்ந்துவிடும். ஆயினும் இருபத்தைந்து வயது வரை ஜீவிக்கக் கூடியது. ஆகையால் அதற்கு மறு தொழில் அவசியம். சவாரிப் பள்ளிகளிலும், மெரினா, பட்டினப்பாக்கம் போன்ற கடற்கரைகளிலும் இத்தகைய குதிரைகள் சில உழைக்கின்றன. அவற்றை வாங்குவோர் கவனிக்க வேண்டியவை:

1. முன்னங்கால்களைத் தடவிப் பார்க்கவும். சூடோ வீக்கமோ இருப்பின், கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் விலை பேசலாகாது.

2. பந்தயத் தீனியில் தானியம் மிகுதி. அதைப் பத்து நாட்களில் சிறிது சிறிதாகக் குறைத்துப் புல்லை மிகுக்கவும். திடீரென மாற்றினால் வயிற்றுவலி காணும்.

3. தீனியை மணல்மீது போடலாகாது. புல்லோடு உட்சென்ற மணல் குடலில் தங்கிக் குதிரையைக் கொல்லவுங்கூடும். உயரமான தொட்டியில் இடுக.

4. ஓடிப் பழகிய குதிரைமீது உடனே சிறுவரை ஏற்றலாகாது. சில மாதம் நிதான நடை பழக்கவும்.

450 கிலோ எடையுள்ள குதிரைக்குத் தினமும் சுமார் 8 கிலோ உலர்ந்த புல் வேண்டும். விலை மலிவென்று மகிழுமுன், அப்புல்லுக்கு ஆண்டு முழுவதும் வழியுண்டா எனக் குடியானவர் கணக்கிடுவாராக.