புகையும் நெருப்பும்: இல்லாத கோள்களைப் பற்றி ஒரு பாடம்

அனுமானம் என்னும் அளவையை விளக்கப் புகும் தருக்க நூல்கள் மலைமேல் தோன்றும் புகையை எடுத்துக்காட்டுவதை நாம் அறிவோம். புகை ஏது, அதனால் அறியப்படும் நெருப்பு சாத்தியம். ஏது என்பது எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்னும் வினாவுக்குப் பௌத்தர் மூன்று இலக்கணங்கள் கூறினர். பாத்திரகேசரி, அகளங்கர் முதலிய நம் ஆசிரியர்களோ ஒரே இலக்கணம் போதும் என்றனர். அதுவே அன்யதானுபபத்தி. சாத்தியம் இல்லாவிடில் ஏதுவும் பொருந்தாது என்னும் நிலை. அதாவது, வேறு எவ்வாற்றானும் அதனை விளக்க இயலாமை.

இச்சொல்லைப் பிள்ளைகளுக்கு விளங்க வைப்பது எளிதன்று. புகையையும் நெருப்பையும் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் அவர்கள் மனப்பாடம் செய்வரேயன்றி உணரார். ஆகவே வானியல் வரலாற்றிலிருந்து ஓர் உதாரணத்தை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஒரே அறிஞர், ஒரே முறையில் இரு கோள்களை அனுமானித்தார். ஒன்று கிடைத்தது, மற்றொன்று இல்லவே இல்லை.

1781இல் கண்டறியப்பட்ட யுரேனஸ், கணித்த பாதையிலிருந்து சற்றே விலகிச் சென்றது. அப்பால் அறியப்படாத கோள் ஒன்று அதனை ஈர்க்கின்றது எனக் கொண்டு, பிரெஞ்சு அறிஞர் லெ வெரியே அக்கோளின் இடத்தைத் தாளின்மேலேயே கணக்கிட்டார். இங்கிலாந்தில் ஆடம்ஸ் என்பவரும் தனியே இக்கணக்கில் ஈடுபட்டிருந்தார். 1846 செப்டம்பர் 23ஆம் நாள் இரவு பெர்லின் வானாய்வுக்கூடத்தில் கால்லே என்பவர் லெ வெரியே குறித்த திசையில் தொலைநோக்கியைத் திருப்பினார். ஒரு பாகை அளவுக்குள்ளேயே நெப்டியூன் இருந்தது. அனுமானத்தைக் காட்சி உறுதி செய்தது.

அடுத்து அவர் புதன் கோளை ஆராய்ந்தார். புதனின் நீள்வட்டப் பாதையும் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கின்றது. பிற கோள்களின் ஈர்ப்பை எல்லாம் கணக்கிட்ட பின்னும் சிறிது மிச்சம் நின்றது. பிற்கால அளவீட்டின்படி அது நூறு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 43 விகலை. ஒரு பாகைக்கு 3,600 விகலை என்பதை நினைவிற்கொண்டால் இது எத்துணை நுண்ணியது என்பது விளங்கும். சூரியனுக்கும் புதனுக்கும் இடையே ஒரு கோளோ சிறு கோள்களின் கூட்டமோ இருக்க வேண்டும் என்று 1859இல் லெ வெரியே அறிவித்தார்.

உடனே சாட்சியும் கிடைத்தது. ஓர்ஜேர் என்னும் சிற்றூரின் மருத்துவர் லெஸ்கார்போ, அவ்வாண்டு மார்ச் 26 அன்று சூரிய வட்டத்தின் குறுக்கே ஒரு கரும்புள்ளி செல்லக் கண்டதாகக் கடிதம் எழுதினார். கணக்குகளை மரப்பலகையில் எழுதி, இடம் போதாதபோது சீவி அழித்துவிட்டு மீண்டும் எழுதும் வழக்கமுடையவர் அவர். லெ வெரியே நேரில் சென்று குறுக்கு வினாக்கள் தொடுத்தார்; மருத்துவரின் நேர்மையில் ஐயம் இல்லை எனத் தெளிந்தார். கோளுக்கு வல்கன் என்று பெயரும் வழங்கலாயிற்று; மருத்துவருக்கு அரசின் விருதும் கிடைத்தது. ஆயின் அதே நேரத்தில் பிரேசிலில் சூரியனை ஆய்ந்துகொண்டிருந்த லியே என்பவர், தாம் அப்படி ஒன்றையும் காணவில்லை என்று எழுதினார். அவர் சொல் எடுபடவில்லை. நெப்டியூனைக் கண்டவர் கூற்றுக்கு எதிராக யார் பேசுவது? சொல்பவரின் பெருமை ஏதுவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதை வாசகர்கள் கவனிக்க.

லெ வெரியே 1877இல், நெப்டியூன் கிடைத்த அதே செப்டம்பர் 23ஆம் நாளில், வல்கனை நம்பியவாறே மறைந்தார். மறு ஆண்டு ஜூலை 29இல் அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது வாட்சன், ஸ்விஃப்ட் என்னும் இருவர் கோளைக் கண்டதாகக் கூறினர். உடன் நோக்கிய பிறர் எவரும் காணவில்லை. வாட்சன் மனந்தளராமல், பகலிலும் வல்கனைக் காணலாம் என எண்ணி நிலத்தடி வானாய்வுக்கூடம் ஒன்றை அமைக்கத் தொடங்கினார். 1880இல், அது பயன் தருமுன்னரே இறந்தார். பின்னர் 1908 வரை பல கிரகணங்களில் எடுத்த ஒளிப்படத் தட்டுகளில் விழுந்தவை யாவும் முன்னரே அறிந்த விண்மீன்கள்தாம்.

1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தம் பொதுச் சார்பியல் கோட்பாட்டைக் கொண்டு அதே 43 விகலையைக் கணக்கிட்டுக் காட்டினார். புதிய கோள் எதுவும் தேவைப்படவில்லை. சூரியனுக்கு அருகில் ஈர்ப்பு நடந்துகொள்ளும் விதமே நியூட்டன் கூறியதினின்று சிறிது வேறுபடுகின்றது. புகை மெய்தான், நெருப்புத்தான் வேறு. லெ வெரியேயின் அளவீட்டில் பெரும் பிழை இல்லை. 'வேறு எவ்வாற்றானும் விளக்க இயலாது' என்று அவர் கொண்டதே பொருந்தவில்லை. அன்யதானுபபத்தி என்றால் என்ன என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் நமக்குத் தென்படவில்லை.

எனினும் வல்கனை நம்பியவர்களை நாம் இகழ்தல் தகாது. எங்கே, எப்போது நோக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். அதனால்தான் அது இல்லை என்பதும் துணியப்பட்டது. இதற்கு மாறானது லிலித் என்னும் கற்பனைச் சந்திரன். ஜெர்மனியில் வால்ட்டெமாத் என்பவர் 1898இல், ஏறத்தாழ 10 லட்சம் கி.மீ. தொலைவில் 700 கி.மீ. விட்டமுள்ள இரண்டாம் சந்திரன் பூமியைச் சுற்றுவதாக அறிவித்தார். வானியலாளர் அதனை ஏற்கவில்லை. ஆயின் 1918இல் செபேரியல் என்னும் புனைபெயர் கொண்ட ஆங்கிலச் சோதிடர் அதற்கு லிலித் என்று பெயரிட்டுப் பலனும் எழுதினார். ஏன் எவர் கண்ணிலும் படவில்லை எனில், அது மிகக் கரியது, பெரும்பாலும் தெரியாது என்பது விடை. இவ்விடையோடு ஆராய்ச்சியின் கதவு அடைபட்டுவிட்டது.

இங்கே நம்மவர்க்கு ஒரு சொல். ஜம்பூத்வீபத்துக்கு இரண்டு சூரியரும் இரண்டு சந்திரரும் உண்டென நம் லோக நூல்கள் கூறும். 'நம் முன்னோர் சொன்ன இரண்டாம் சந்திரனை ஜெர்மானியர் கண்டனர்' என்று எழுத எவர்க்கேனும் ஆசை எழலாம். அது வேண்டா என்பதே நம் கருத்து. நூல்கள் கூறும் சந்திரர் இருவரும் மேருவின் எதிரெதிர்ப் புறங்களில் இயங்குவோர். வால்ட்டெமாத்தின் சிறு உருண்டையோடு அவர்க்கு யாதொரு தொடர்பும் இல்லை. ஆகமத்தை அதன் மரபில் பயில்வோம். நிலைபெறாத செய்தியை அதற்கு முட்டுக்கொடுத்தால், முட்டு சரியும் நாளில் பிள்ளைகளின் நம்பிக்கையும் உடன் சரியும்.

இவையெல்லாம் பழங்கதை அல்ல. சிச்சின் என்னும் எழுத்தாளர் 1976இல் வெளியிட்ட நூலொன்றில் நிபிரு என்னும் கோளைப் பற்றி எழுதினார். பின்னர் வேறு சிலர் அப்பெயரையே கொண்டு, அக்கோள் 2003இல் பூமியை நெருங்கி அழிவு செய்யும் என்றனர்; அது பொய்த்தபின் 2012 டிசம்பர் 21 என்று நாளை மாற்றினர். அத்துணை அருகில் வரும் கோள் முன்னதாகவே வெறுங்கண்ணுக்குத் தெரியும். செவ்வாயின் பாதையும் பூமியின் பாதையும் குலையும். இவ்வளவு எளிய சோதனையைக்கூட யாரும் செய்யாமல் அச்சம் நாடு நாடாகப் பரவிற்று. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் அறிவியலர் டேவிட் மோரிசனுக்கு வந்த கடிதங்களுள், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவதாக இளைஞர் சிலர் எழுதியவையும் இருந்தன. அறியாச் சிறாரை இவ்வாறு நடுங்கச் செய்வதும் இம்சையே அன்றோ? கைப்பேசியில் இத்தகைய செய்தி வந்தால் அதனைப் பிறர்க்கு அனுப்புமுன், 'எங்கே நோக்கினால் இதனைக் காணலாம்?' என்று பெற்றோர் பிள்ளைகளோடு அமர்ந்து கேட்டுப் பார்ப்பாராக.

அனுமானத்தில் நிற்கும் கோள் ஒன்று இன்றும் உண்டு. நெப்டியூனுக்கு அப்பாலுள்ள சில சிறு பொருள்களின் பாதைகள் ஒரு பக்கமாகவே சாய்ந்திருத்தலை ஏதுவாகக் காட்டி, பாட்டிகின், பிரவுன் என்னும் இருவர் 2016இல் ஒன்பதாம் கோள் ஒன்றைக் கூறினர். நாம் நோக்கிய பகுதிகள் குறைவாதலால் அச்சாய்வு தோற்றமேயாகலாம் என்று மறுப்போரும் உளர். கோள் இதுவரை கிடைத்திலது. சிலி நாட்டில் வேரா ரூபின் வானாய்வுக்கூடம் தன் முதற்படங்களை 2025இல் வெளியிட்டது. அங்கிருந்து தென்வானம் முழுவதும் பத்தாண்டுகள் மீண்டும் மீண்டும் படம் பிடிக்கப்பட உள்ளது. இக்கோள் நெப்டியூனின் வழிச் செல்லுமா, வல்கனின் வழிச் செல்லுமா என்பது அப்படங்களில் தெரியக்கூடும்.