விலையும் விசையும்

நுழையும்முன்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதக் கிடைக்கும் களங்கள் சிலவே. பள்ளி ஏடு அவற்றுள் ஒன்று. கணினித் திரை மற்றொன்று. ஊரிலிருக்கும் பாட்டிக்கு அனுப்பும் மடலும், பள்ளி ஆண்டு மலருக்கு எழுதும் கட்டுரையும் இன்று விசைப்பலகையின் வழியாகவே பிறக்கின்றன. அவ்விசைப்பலகை உறுதியற்றதாயின் எழுத்து என்னவாகும்? பெரும்பொருள் கொடுத்து வாங்கிய புதிய மடிக்கணினியில் அக்குறை தோன்றினால் என்ன செய்தல் வேண்டும்? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை கூறுகிறது.

1. விரல் தொடும் உறுப்பு

மடிக்கணினி வாங்கச் செல்வோர் கடையில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். செயலி எத்தலைமுறையைச் சேர்ந்தது? நினைவகம் எவ்வளவு? திரை எத்தனை அங்குலம்? எடை எவ்வளவு? விசைப்பலகை எத்தகையது என்று கேட்போர் அரியர். ஆயினும், வாங்கிய நாள்முதல் ஓயாமல் விரல் படும் உறுப்பு அதுவே.

செயலியின் வேகத்தை எண்ணாகப் பெட்டியின் மேல் அச்சிடலாம். விசையின் உறுதியை அவ்வாறு அச்சிட இயலாது. அதனை விரல்தான் அறியும். ஆகவே, உயர்ந்த விலையுள்ள மடிக்கணினிகளிலும் சில வேளைகளில் விசைப்பலகை வலுக்குன்றியதாய் அமைந்துவிடுகிறது. நடுப்பகுதியை அழுத்தும்போது பலகை முழுவதும் உள்வாங்குகிறது. விசைகள் பக்கவாட்டில் ஆடுகின்றன. அழுத்திய விசை சரியாக மீள்வதில்லை. கருவியை மெலிதாக்கும் முயற்சியே இதற்கு முதன்மைக் காரணம். பலகையைத் தாங்கும் தகடு மெலியும்போது அதன் விறைப்பும் குறைகிறது.

2. ஒரு விசையின் உள்ளே

பெரும்பாலான மடிக்கணினிகளில் ஒவ்வொரு விசையின் மூடிக்கும் கீழே இரண்டு சிறிய பிளாஸ்டிக் கைகள் கத்தரிக்கோலைப் போலக் குறுக்காகப் பிணைந்துள்ளன. இதனைக் ‘கத்தரி அமைப்பு’ என்பர். அதன் நடுவே ரப்பரால் ஆன சிறு குமிழ் ஒன்று உண்டு. விசையை அழுத்தும்போது குமிழ் நசுங்கி, அடியிலுள்ள மின்சுற்றை இணைக்கிறது. எந்த விசை அழுத்தப்பட்டது என்பதைக் கணினி அறிந்துகொள்கிறது. விரலை எடுத்ததும் குமிழ் நிமிர்ந்து விசையை மேலே தள்ளுகிறது.

விசை கீழிறங்கி மீளும் தொலைவு மிகச் சிறியது. பல மடிக்கணினிகளில் அது ஏறத்தாழ 1 முதல் 1.5 மில்லிமீட்டர்தான். அத்தொலைவை மேலும் சுருக்கினால் கருவி மெலியும். ஆனால், நுண்ணிய தூசுக்கும் அங்கே இடமிராது. இடமில்லாத இடத்தில் துகள் ஒன்று புகுந்தால் விசை சிக்கிக்கொள்ளும்.

3. மெலிவுக்குக் கொடுத்த விலை

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் 12 அங்குல மேக்புக் கணினியை வெளியிட்டது. அதில் கத்தரி அமைப்புக்கு மாற்றாக, வண்ணத்துப்பூச்சியின் சிறகுகளைப் போல விரிந்து மடங்கும் புதிய அமைப்பு இடம்பெற்றது. பழைய அமைப்பைவிட இது 40 விழுக்காடு மெல்லியது என்று அந்நிறுவனம் அறிவித்தது. 2016ஆம் ஆண்டில் மேக்புக் புரோ கணினிகளிலும் அதன் அடுத்த வடிவம் சேர்க்கப்பட்டது.

சில காலத்திற்குள் முறையீடுகள் எழுந்தன. ஒருமுறை அழுத்தினால் எழுத்து இருமுறை தோன்றியது. சில நேரங்களில் தோன்றாமலே போயிற்று. சில விசைகள் ஒட்டிக்கொண்டன. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அடுத்த மாதமே, முதலில் விற்பனையான நாளிலிருந்து 4 ஆண்டுகள் வரை குறிப்பிட்ட வகைக் கணினிகளின் விசைப்பலகையை இலவசமாகச் சீர்செய்து தரும் திட்டத்தை நிறுவனம் அறிவித்தது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த 16 அங்குல மேக்புக் புரோவில் கத்தரி அமைப்பு மீண்டும் இடம்பெற்றது. 2022ஆம் ஆண்டில், தவற்றை ஒப்புக்கொள்ளாமலேயே, 5 கோடி டாலர் வழங்கி அவ்வழக்கை முடித்துக்கொள்ள நிறுவனம் உடன்பட்டது.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. விலை மிகுதி ஒவ்வோர் உறுப்பின் தரத்துக்கும் உறுதிமொழி ஆகாது என்பது ஒன்று. வாங்கியோர் வாளாவிராமல் சான்றுடன் முறையிட்டால் பெரிய நிறுவனமும் செவிசாய்க்கும் என்பது மற்றொன்று.

4. மகள் ‘மக்கள்’ ஆன கதை

விசை இருமுறை பதிவது ஆங்கிலத்தில் பெரும்பாலும் எழுத்துப்பிழையாகவே தெரியும். தமிழிலோ அது பொருளையே மாற்றிவிடக்கூடும். தமிழ்நாடு அரசு 1999ஆம் ஆண்டில் ஏற்ற ‘தமிழ் 99’ விசைப்பலகை முறையில், ஒரே மெய்க்குரிய விசையை அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் முதலெழுத்தின்மேல் புள்ளி தானாகவே அமையும். க, க என்று அழுத்தினால் ‘க்க’ என வரும். நல்ல விசைப்பலகையில் இது பெரும் வசதி. பழுதான விசைப்பலகையில் இதுவே இடர்.

‘அக்காவுக்கு மகள் பிறந்திருக்கிறாள்’ என்று ஊருக்கு எழுத முனைந்தால், ககர விசை இருமுறை பதிந்து ‘அக்காவுக்கு மக்கள் பிறந்திருக்கிறாள்’ என்று போய்ச் சேரும். ‘தாத்தா, படம் அனுப்புங்கள்’ என்பது ‘தாத்தா, பட்டம் அனுப்புங்கள்’ என்றாகும். விசை ஒருமுறை பதியத் தவறினாலோ, ‘பாட்டி வந்தாள்’ என்பது ‘பாடி வந்தாள்’ என மாறிவிடும். ஆங்கில எழுத்துகளைக் கொண்டு ஒலிப்புமுறையில் தட்டச்சு செய்வோர்க்கும் இவ்விடர் உண்டு.

மகள், மக்கள் ஆகிய இரண்டும் பொருளுடைய சொற்கள். எனவே, சொற்களைத் தனித்தனியே ஒப்பிடும் பிழைதிருத்தி இங்கே உதவாது. தமிழறியாத கடைக்காரருக்கோ பழுதுபார்ப்பவருக்கோ இப்பிழை கண்ணில் படவும் செய்யாது. எழுதியவரே படித்துப் பார்த்துக் கண்டறிதல் வேண்டும்.

5. வாங்குமுன் செய்யும் சோதனை

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்னும் பழமொழி விசைப்பலகைக்குப் பொருந்தாது. ஒவ்வொரு விசையையும் தனித்தனியே அழுத்திப் பார்த்தல் வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதற்கோர் எளிய வழி உண்டு. தமிழ் 99 முறையைத் தேர்ந்துகொண்டு, உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18 என்னும் வரிசையில் தட்டச்சு செய்தால் 31 விசைகளும் சோதிக்கப்படும். (மெய்யெழுத்துக்குரிய விசைகள் க, ங, ச என அகரம் ஏறிய வடிவிலேயே தோன்றும்.) ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் இந்த 31 விசைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. இடைவெளி விசை, எண்கள் முதலியவற்றை மட்டும் தனியே பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்து, கணினியைச் சமதளமான மேசையில் வைத்து, விசைப்பலகையின் நடுவிலும் ஓரங்களிலும் இயல்பான விசையுடன் தட்டிப் பார்க்க வேண்டும். பலகை தொய்கிறதா, ஓசை மாறுபடுகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். இச்சோதனையைப் பணம் செலுத்துமுன் செய்வதே அறிவுடைமை. ஏனெனில், பலகை சற்று மென்மையாயிருப்பதைக் கடைக்காரர் ‘இதன் இயல்பே இது’ என்று கூறிவிட முடியும். எழுத்து இரட்டிப்பதையும் விடுபடுவதையும் எவரும் இயல்பு என்று கூற முடியாது. முன்னது வாங்குமுன் ஆராய வேண்டியது. பின்னது வாங்கிய பின்னரும் உரிமையுடன் கேட்கத்தக்கது.

6. பழுது தோன்றினால்

முதலில், பழுது எங்கே என்று அறிதல் வேண்டும். யுஎஸ்பி வழியாக வேறொரு விசைப்பலகையை இணைத்து எழுதிப் பார்க்கலாம். அதிலும் எழுத்து இரட்டித்தால் குறை மென்பொருளிலோ அமைப்பிலோ இருக்கக்கூடும். அதில் சரியாக வந்து, கணினியின் விசைப்பலகையில் மட்டும் பிழை தோன்றினால் குறை விசையில் இருப்பதாகக் கொள்ளலாம்.

அடுத்து, கணினியை அணைத்துவிட்டுச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, அழுத்தக் காற்றைக் கொண்டு தூசு நீக்கலாம். விசையின் மூடியை ஊசியாலோ கத்தியாலோ நெம்புதல் கூடாது. பல மெல்லிய கணினிகளில் விசைப்பலகை மேல்தகட்டுடன் பிணைந்தே இருப்பதால், ஒரு விசையின் கொக்கி ஒடிந்தாலும் பெரும்பகுதியை மாற்ற நேரிடலாம். அச்செலவு சிறிதன்று, தாமே உடைத்ததற்கு உத்தரவாதமும் கிட்டாது.

குறை நீங்கவில்லையெனில், அதனைக் கைப்பேசியில் காணொளியாகப் பதிவு செய்து, ரசீதுடன் கடையையோ சேவை மையத்தையோ அணுக வேண்டும். முறையீட்டு எண்ணையும் நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும். கணினியை ஒப்படைக்குமுன் கோப்புகளைப் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. சீராகித் திரும்பும்வரை வெளி விசைப்பலகையைக் கொண்டு பணியைத் தொடரலாம்.

7. சட்டம் தரும் துணை

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, இந்தியாவில் 2020ஆம் ஆண்டு சூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. ரசீது தராமலிருப்பதும், குறையுள்ள பொருளை ரசீதில் கண்ட காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அச்சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறைகள் ஆகும். ரசீதில் காலம் குறிக்கப்படவில்லையெனில் 30 நாள்கள் எனக் கொள்ளப்படும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஊர்விட்டு ஊர் வந்து வாழ்வோர்க்கு இச்சட்டத்தில் ஒரு தனிப்பயன் உண்டு. கோடை விடுமுறையில் சென்னைக்குச் சென்றபோது மடிக்கணினி வாங்கிய குடும்பம் போபாலில் வாழ்வதாகக் கொள்வோம். முறையிடுவதற்காக அவர்கள் மீண்டும் சென்னைக்கு இரயில் ஏற வேண்டியதில்லை. வாழும் இடத்திலோ பணிபுரியும் இடத்திலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். பொருளுக்குச் செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் அதற்குக் கட்டணமும் இல்லை.

எழுதுகோல் வாங்குவோர் தாளில் ஒரு கோடு கிழித்துப் பார்த்த பின்னரே காசு கொடுப்பது நம் நாட்டுக் கடைகளில் அன்றாட வழக்கம். பத்து ரூபாய்ப் பேனாவுக்குக் காட்டும் அவ்விழிப்பினைப் பல்லாயிரம் ரூபாய் மடிக்கணினிக்கும் காட்டுதல் தகும்.

அருஞ்சொற்பொருள்

அரியர் – மிகச் சிலர்
விறைப்பு – வளையாத தன்மை
வாளாவிருத்தல் – ஒன்றும் செய்யாமலிருத்தல்
இடர் – துன்பம், இடையூறு
தொய்தல் – தளர்ந்து தாழ்தல்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. கத்தரி அமைப்பின் நடுவே உள்ள சிறு குமிழ் ………… ஆல் ஆனது.
2. தமிழ் 99 முறையில் உயிர், ஆய்தம், மெய் ஆகியவற்றுக்குரிய விசைகள் மொத்தம் ………….
3. தேசிய நுகர்வோர் உதவி எண் ………….

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. மெல்லிய விசைப்பலகையில் தூசு புகுந்தால் நேர்வது யாது?
2. ‘மகள்’ என்பது ‘மக்கள்’ என மாறினால் பிழைதிருத்தி ஏன் கண்டறிவதில்லை?
3. வெளி விசைப்பலகையை இணைத்துப் பார்ப்பதால் அறியப்படுவது யாது?

இ. விரிவாக விடை தருக.
1. வாங்குமுன் ஆராய வேண்டிய குறைக்கும், வாங்கிய பின்னரும் கேட்கத்தக்க குறைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. வண்ணத்துப்பூச்சி அமைப்பின் வரலாறு உணர்த்தும் உண்மைகளைத் தொகுத்து எழுதுக.

ஈ. மொழிப்பயிற்சி
கீழ்க்காணும் இணைகளில் ஒரு மெய் இரட்டித்ததால் பொருள் மாறியுள்ளது. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனித் தொடரில் அமைத்து எழுதுக.
விதை – வித்தை. பசை – பச்சை. கடை – கட்டை. கலை – கல்லை

உ. கடிதம் எழுதுக.
ஊரிலிருக்கும் உன் மாமா புதிய மடிக்கணினி வாங்கவிருக்கிறார். விசைப்பலகையை அவர் எவ்வாறு சோதிக்க வேண்டும் என்பதை விளக்கி அவருக்குக் கடிதம் ஒன்று எழுதுக.

ஊ. செயல்பாடு
பள்ளிக் கணினி அறையில் உள்ள ஒரு விசைப்பலகையைத் தமிழ் 99 முறையில் சோதித்து, சரியாக இயங்கும் விசைகளையும் பழுதான விசைகளையும் அட்டவணையாக எழுதி ஆசிரியரிடம் தருக.