பெங்களூரிலிருந்து கோவைக்கு: வழித்தேர்வும் வேகக் கட்டுப்பாடும்

பெங்களூரிலிருந்து கோயம்புத்தூருக்குக் காரில் செல்வோருக்கு முதன்மையான வழிகள் மூன்று. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், பெருந்துறை, அவிநாசி என்று 44, 544 ஆகிய எண்களுடைய தேசிய நெடுஞ்சாலைகளைப் பற்றிக்கொண்டு செல்லும் சுமார் 360 கிலோமீட்டர் வழி ஒன்று; கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால், சாமராஜநகர் வழியாகத் திம்பம் மலைப்பாதையில் இறங்கிச் சத்தியமங்கலத்தை அடையும் 948ஆம் எண் நெடுஞ்சாலை மற்றொன்று; மைசூரு வரை விரைவுச்சாலையில் சென்று, நஞ்சன்கூடு வழியாகச் சாமராஜநகரில் அதே 948ஐப் பிடிப்பது மூன்றாவது. தொலைவை மட்டும் கணக்கிட்டால் கனகபுரா வழியே குறுகியது. ஆயினும் இத்தடங்களில் ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பழகியவர்கள் கிலோமீட்டரைப் பார்த்து வழியைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை மணிக்கு வண்டி கிளம்புகிறது என்பதைப் பார்த்தே தீர்மானிக்கிறார்கள்.

வேகத்தைப் பற்றிய பொதுவான மயக்கம் ஒன்றை இங்கே முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. நூறு கிலோமீட்டரை மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கடக்க ஒரு மணி நேரமாகும். 110இல் கடந்தால் ஐந்தரை நிமிடம் மிச்சமாகும். ஓட்டுநர் தன் கவனம் முழுவதையும் செலவிட்டு, அபராதத்துக்கும் துணிந்து ஈட்டும் அந்த ஐந்தரை நிமிடத்தை, கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் பண்டிகைக்கு முந்தைய நாள் நிற்கும் ஒரே வரிசை விழுங்கிவிடும். மறுபுறம், வேகம் 80இலிருந்து 100 ஆகும்போது வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால் ஏறத்தாழ 56 விழுக்காடு கூடுகிறது. பிரேக்கை மிதித்த பின் வண்டி நிற்க வேண்டிய தூரமும் அதே அளவுக்கு நீள்கிறது. பயண நேரத்தைத் தீர்மானிப்பது சாலையின் வேகமான பகுதிகளல்ல, மெதுவான பகுதிகளே என்பதால், நகரத்தை விட்டு வெளியேறும் ஒரு மணி நேரத்தையும் மலைப்பாதையையும் சுங்கச்சாவடிகளையும் சரியாகக் கணித்தவர், நான்கு வழிச்சாலையில் 90இல் நிதானமாகப் போனாலும் முன்னதாகவே போய்ச் சேர்கிறார்.

வேக வரம்பு எவ்வளவு என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. மத்திய அரசு 2018 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிக்கை, காருக்கு விரைவுச்சாலையில் 120, நடுத்திட்டு உள்ள நான்கு வழிச்சாலையில் 100, பிற சாலைகளில் 70 என்று உச்சவரம்பு வகுத்தது. அவ்வறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ரத்து செய்தது. மத்திய அறிவிக்கையின் நிலை எதுவானாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, குறிப்பிட்ட சாலையில் வரம்பைக் குறைத்து நிர்ணயிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளித்திருப்பதால், நடைமுறையில் ஓட்டுநரைக் கட்டுப்படுத்துவது சாலையோரப் பலகைதான். ஊர் தொடங்கும் இடத்திலும், மேம்பாலப் பணி நடக்கும் மாற்றுப்பாதையிலும், வளைவிலும் அந்த எண் சட்டென்று பாதியாகிவிடும். வேகக் கண்காணிப்பு பெரும்பாலும் காத்திருப்பதும் அத்தகைய இடங்களில்தான்.

கண்காணிப்பு மூன்று வகைப்படும். போக்குவரத்துக் காவலர் கையில் ஏந்தியோ ரோந்து வாகனத்தில் பொருத்தியோ பயன்படுத்தும் வேகத் துப்பாக்கி, அதாவது எதிரே வரும் வண்டியின் மீது லேசர் அல்லது ரேடார் கதிரைப் பாய்ச்சி வேகத்தை அளக்கும் கருவி, முதல் வகை. கம்பத்திலோ சாலைக்குக் குறுக்கேயுள்ள சட்டகத்திலோ நிலையாகப் பொருத்தப்பட்டு, வேகத்தை அளப்பதோடு நம்பர் பிளேட்டையும் தானே படித்துவிடும் கேமரா இரண்டாவது. இரண்டு கேமராக்களை இடைவெளி விட்டு நிறுத்தி, ஒரே வண்டி இரண்டையும் கடக்க எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு சராசரி வேகத்தைக் கணக்கிடும் முறை மூன்றாவது. கேமராவைக் கண்டதும் பிரேக் மிதித்து, தாண்டியதும் ஆக்சிலேட்டரை அழுத்தும் பழக்கம் மூன்றாம் வகையிடம் செல்லாது. மற்ற இரண்டிடமும்கூட அது பின்னால் வருபவருக்கு ஆபத்தாகவே முடிகிறது. கேமரா இருக்குமிடத்தைச் செயலி முன்கூட்டியே எச்சரிப்பதால் துணிவு பெற்று ஓட்டுவோர், செயலி அறியாத ரோந்து வாகனத்திடம் சிக்குவது அன்றாடக் காட்சி.

சேலம் வழியின் முதல் இடர் கர்நாடக எல்லைக்குள்ளேயே இருக்கிறது. பெங்களூரிலிருந்து தமிழ்நாட்டுக்கு வரும் வண்டிகளில் பெரும்பகுதி, சென்னைக்குச் செல்வதானாலும் மதுரைக்குச் செல்வதானாலும், கிருஷ்ணகிரி வரை ஒரே சாலையில்தான் வந்தாக வேண்டும். அங்குதான் சென்னைச் சாலை பிரிகிறது. சில்க் போர்டு சந்திப்பு, 2010இல் திறக்கப்பட்ட எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலச் சாலை, அத்திப்பள்ளி எல்லை, ஓசூரின் தொழிற்சாலைப் பேருந்துகள் என்று அடுக்கடுக்காக வரும் நெரிசலை வெள்ளிக்கிழமை மாலையில் எதிர்கொள்வோர், அன்றைய பயணத்தின் பொறுமை முழுவதையும் முதல் ஐம்பது கிலோமீட்டரிலேயே செலவழித்துவிட்டு, கிருஷ்ணகிரிக்குப் பின் சாலை திறந்ததும் விட்ட நேரத்தைப் பிடிக்க முனைகிறார்கள். அந்த மனநிலையோடு அவர்கள் சென்று சேரும் இடம் தொப்பூர்.

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வருவோருக்குத் தொப்பூர் கணவாய் நீண்ட இறக்கம். அகலமான, வழவழப்பான சாலை கண்ணுக்கு இறக்கத்தைக் காட்டுவதில்லை. வண்டி தானாக வேகமெடுத்த பிறகே தெரியும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் உருட்டிவரும் பாரவண்டிகள் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் முன்னே செல்பவற்றின் மீது மோதிய விபத்துகள் இங்கே திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. சுமையேற்றிய லாரிகளைப் பின்தொடரும்போது கருகிய பிரேக் வாடை காருக்குள்ளேயே வருவதை இவ்வழியே போனவர்கள் அறிவார்கள். வரம்பைக் குறைத்துக் கண்காணிப்பை இறுக்கியிருப்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து எஞ்சினின் பிடிப்பில் இறங்குவதும், லாரிக்கு நேர் முன்னால் நெடுநேரம் செல்லாமல் விலகிவிடுவதும் அபராதத்தைவிட முக்கியமானவை.

இந்த வழியிலேயே இரு கிளைகள் உண்டு. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தருமபுரி செல்லும் 844ஆம் எண் சாலை கிருஷ்ணகிரியைத் தவிர்க்கிறது. தொப்பூரில் பிரிந்து மேச்சேரி, மேட்டூர், அம்மாபேட்டை வழியாகப் பவானியை அடையும் 544எச் சாலை சேலத்தைத் தவிர்க்கிறது. பின்னது வரைபடத்தில் ஆசை காட்டும் வழி. ஓமலூர், வைகுந்தம் ஆகிய இரண்டு சுங்கச்சாவடிகளும் அதில் குறுக்கிடுவதில்லை. ஆனால் அது ஊர்களுக்கு ஊடே செல்லும் இருவழிச்சாலை என்பதால், கரும்பு டிராக்டருக்கோ டவுன் பஸ்ஸுக்கோ பின்னால் மாட்டிக்கொண்டால் சராசரி 45ஐத் தாண்டுவதே கடினம். பகலில் மேட்டூர் அணைப் பக்கம் நின்று போக விரும்புவோருக்கு அது பொருந்தும், இரவில் யாருக்கும் பொருந்தாது. ஆண்டுக்கு ஒருமுறை கட்டணம் செலுத்தி (அறிமுகத்தின்போது 3,000 ரூபாய்) 200 முறை வரை தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளைக் கடக்கும் ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் 2025 ஆகஸ்டு 15 முதல் சொந்தக் கார்களுக்குக் கிடைப்பதால், சுங்கத்துக்கு அஞ்சிக் கிளைவழி தேடும் தேவையும் அடிக்கடி செல்வோருக்குப் பெருமளவு குறைந்துவிட்டது.

திம்பம் வழிக்கு வேறொரு கணக்கு. அங்கே வேகத்தைக் காவலர் அளக்க வேண்டியதில்லை, 27 கொண்டை ஊசி வளைவுகளே பார்த்துக்கொள்கின்றன; ஓட்டுநரை ஆள்வது கடிகாரம். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் ஊடே செல்லும் பண்ணாரி–காரப்பள்ளம் பகுதியில், சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2022 பிப்ரவரி முதல், கனரக வாகனங்களுக்கு மாலை 6 முதல் காலை 6 வரையிலும், கார் போன்றவற்றுக்கு இரவு 9 முதல் காலை 6 வரையிலும் தடை உள்ளது. ஆகவே பெங்களூரில் மாலை மூன்று மணிக்கு மேல் கிளம்புவோர் இவ்வழியை எண்ணிப் பார்ப்பதே வீண். காரப்பள்ளம் சோதனைச்சாவடியை எட்டரை மணிக்கு அடைந்துவிடலாம் என்று திட்டமிடுவதும் திட்டமாகாது, ஏனெனில் ஏதேனும் ஒரு வளைவில் நீளமான லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டால் மேலும் கீழும் வண்டிகள் மணிக்கணக்கில் தேங்கும். மாலை 6 மணித் தடைக்கு முன் தாண்டிவிட லாரிகள் முண்டியடிக்கும் பிற்பகலின் கடைசிப் பகுதியும், காலையில் சாவடி திறந்ததும் இரவெல்லாம் காத்திருந்தவை ஒன்றாக நகரும் முதல் மணி நேரமும் தவிர்க்கப்பட வேண்டியவை. இவற்றுக்கு இடைப்பட்ட முற்பகலில் இப்பாதை அமைதியானது. பெங்களூரில் விடியுமுன் கிளம்பினால் அந்த நேரம் தானாகவே வாய்க்கும்.

ஆசனூர், காரப்பள்ளம் பகுதியில் கரும்பு லாரியை எதிர்பார்த்து யானைகள் சாலையோரம் நிற்பது புதிய செய்தியல்ல. துதிக்கையால் கட்டிலிருந்து ஒரு கற்றையை உருவிக்கொண்டு யானை நிதானமாகத் தின்னும் வரை இரு பக்கமும் போக்குவரத்து நிற்கும். ஹாரன் அடிப்பதும், இறங்கிப் படமெடுப்பதும், பக்கவாட்டில் புகுந்து கடக்கப் பார்ப்பதும் பேராபத்து. எஞ்சினை நிறுத்தாமல், பின்னோக்கி நகர இடம் விட்டுக் காத்திருப்பதே வழக்கமறிந்தவர்களின் முறை. பயணத் திட்டத்தில் இதற்காகும் அரைமணி நேரத்துக்கும் இடம் வைக்க வேண்டும்.

மைசூரு வழி, பெங்களூரின் மேற்குப் பகுதியில் குடியிருப்போருக்கே இயல்பானது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட ஏறக்குறைய 119 கிலோமீட்டர் விரைவுச்சாலையில், தொடக்க மாதங்களில் நடந்த உயிரிழப்புகளைத் தொடர்ந்து, அவ்வாண்டு ஆகஸ்டு 1 முதல் இருசக்கர வாகனங்களும் ஆட்டோக்களும் டிராக்டர்களும் முதன்மைத் தடத்தில் தடை செய்யப்பட்டன. கேமராக்களும் வரிசையாகப் பொருத்தப்பட்டன. 130ஐத் தாண்டி ஓட்டுவோர் மீது அபராதத்தோடு விடாமல் முதல் தகவல் அறிக்கையே பதிவு செய்யப்படும் என்ற நடைமுறை 2024 ஆகஸ்டு 1 முதல் கர்நாடகத்தில் வந்தது. மூன்று வழிகளில் மிகக் கடுமையான வேகக் கண்காணிப்பு உள்ளது இதில்தான். ஆனால் ஓட்ட எளிதானதும் இதுவே. வரம்பையொட்டி வேகத்தை நிலைநிறுத்தும் குரூஸ் கன்ட்ரோல் வசதியை முழுப் பயனோடு பயன்படுத்த இயலும் சாலை தென்னிந்தியாவில் இதைப்போல் அதிகமில்லை. மைசூருவுக்குப் பின் சாமராஜநகரில் திம்பம் பாதையோடு சேர்ந்துவிடுவதால் மேலே சொன்ன நேரக் கணக்கு இதற்கும் அப்படியே பொருந்தும். குண்டலுப்பேட்டை, பந்திப்பூர் வழியாக உதகை போய் இறங்கலாம் என்போர், அங்கும் இரவு 9 முதல் காலை 6 வரை காட்டுச்சாலை மூடப்படுவதையும், நீலகிரிக்குள் நுழைய 2024 மே மாதம் முதல் இ-பாஸ் தேவைப்படுவதையும் கருத வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், விடியுமுன் கிளம்புவோருக்குத் திம்பம், நண்பகலுக்குப் பின் கிளம்புவோருக்குச் சேலம். இரவு பத்து மணிக்குக் கிளம்பிச் சேலம் வழியே ஓட்டுவதை மட்டும் எவருக்கும் பரிந்துரைக்க இயலாது. ஓரத்தில் விளக்கின்றி நிறுத்தப்பட்ட லாரியை, விடியற்காலை மூன்று மணியின் தூக்கக் கண்களுக்கு எந்த முகப்பு விளக்கும் உரிய நேரத்தில் காட்டித் தருவதில்லை.

சேலம் வழியே வந்து கோவை எல்லையில் நீலாம்பூரை அடைந்ததும் நகருக்குள் செல்வோர் அவிநாசி சாலையிலேயே தொடரலாம். கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர் நீளும் ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டதால் முன்பிருந்த சிக்னல் காத்திருப்பு பெரிதும் குறைந்துவிட்டது. மேம்பாலம் காலியாகத் தோன்றும் இரவு வேளையில்தான் அங்கே வேகம் எல்லை மீறுகிறது. பாலக்காடு செல்வோர் நீலாம்பூரிலேயே புறவழிச்சாலைக்குத் திரும்பிவிட வேண்டும்.

வீடு திரும்பியபின் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, மின்னணுக் கருவி பதிவு செய்த விதிமீறலுக்கான அறிவிப்பு 15 நாள்களுக்குள் அனுப்பப்பட வேண்டும் என்றும், கண்காணிப்புள்ள பகுதிக்கு முன் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஆர்.சி. பதிவில் பழைய கைபேசி எண் இருந்தால் அந்த அறிவிப்பு உரியவரைச் சேராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவின்படி 1,000 முதல் 2,000 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய இ-சலான், கட்டப்படாமல் கிடந்து, வண்டியை விற்க முனையும் நாளில் தலைதூக்கும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் எண்ணைப் புதுப்பித்துக்கொண்டு, இரு மாநிலங்களிலும் ஓட்டிய பயணத்துக்குப் பிறகு இரண்டு வாரம் கழித்து ஒருமுறை வண்டி எண்ணை இட்டுப் பார்த்துக்கொண்டால் போதும். நம்பர் பிளேட்டைக் கேமரா தவறாகப் படித்து வேறொருவர் வண்டிக்கான அபராதம் வந்திருந்தாலும், படத்தைக் காட்டி முறையிட அப்போது காலம் இருக்கும்.